கடைசி ஏழு பக்கங்கள்

லீல், அக்டோபர் 6

அன்பு அண்ணா,

வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, அம்மாவுக்கு மட்டும் மழை வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? ஒரு வரியாவது எழுது.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. அதிகாலைப் பேருந்தை எடுக்க வேண்டும் என்று அப்பா ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குறட்டை கேட்ட பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். குறட்டை நின்றால் விளக்கை அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் யாரும் சொல்வதில்லை. அந்த இரவு நீ ஓட்டிய காரில் இறந்துபோன தியோவின் அப்பாவும் நம் அப்பாவும் பூலோஞ் பேருந்து டிப்போவில் ஒரே ஷிஃப்ட். மகனைப் புதைத்தவருக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிக்க முடியாமல்தான் அப்பா லீலுக்கு மாற்றல் வாங்கினார். பிறகு உன்னையும் இதே ஊர் ஓரத்துச் சிறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தடம் பதினேழின் கடைசி நிறுத்தம் உங்கள் வாசல். "எந்தத் தடம் குடுத்தாலும் ஓட்டுறேன், பதினேழு மட்டும் வேணாம்" என்று அப்பா டிப்போவில் சொல்லிவிட்டாராம். நீ கனடாவில் மரம் அறுக்கும் ஆலையில் இருப்பதாக அம்மா எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அங்கே பனி எவ்வளவு என்று யாராவது கேட்டால் கையால் அளவுகூடக் காட்டுகிறாள்.

எழுதக் காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பள்ளிகளும் சிறைகளும் சேர்ந்து வாக்களித்து ஆண்டுக்கொரு புது நாவலுக்குப் பரிசு கொடுக்கின்றன. இந்த ஆண்டுப் பட்டியலில் நான்கு நாவல்கள், அதில் மூன்றில் சிறை வருகிறது. எதியேன் என்ற கைதியைப் பற்றிய நாவலை எங்கள் வகுப்பு படிக்கிறது. உங்கள் சிறையும் அதையே படிக்கிறது என்று ஆசிரியை மதாம் லெமேர் சொன்னார். பத்துப் பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை, அண்ணா. ஒவ்வொரு வரியிலும் நீ நிற்கிறாய். அதில் எழுதியிருப்பது நிஜமா? அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பதிலை என் தோழி ஃபாத்துவின் முகவரிக்குப் போடு, உறையின் பின்பக்கம் இருக்கிறது. அவள் அம்மாவிடம் கேட்டதற்கு, "போடச் சொல்லு. எங்களைப் பத்தித் தபால்காரருக்கு ஏற்கெனவே ஒரு நெனப்பு இருக்கு, இன்னொரு உறையால ஒண்ணும் கெட்டுடாது" என்றார்.

இதை உனக்கு முன்னால் ஓர் அதிகாரி படிப்பார் என்று தெரியும். ஐயா, வணக்கம். இதில் தப்பாக ஒன்றுமில்லை.

கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.
உன் சொலேன்


இரண்டாம் கட்டடம், அக்டோபர் 19

சொலேன் குட்டி,

உடம்பு நன்றாக இருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், பழி இங்கத்துச் சமையலுக்கு. அம்மாவின் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு.

முதலில் ஒரு திருத்தம். கடிதம் பிரித்துப் படிப்பவர் ஓர் அம்மாள். கொடுக்கும்போது, "உன் தங்கச்சி என்னை ஆம்பளையாக்கிட்டா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இனி நாவல். எழுதியவருக்குச் சாவிச் சத்தத்தின் மேல் காதல் போலிருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் சாவி. இங்கே இரண்டாவது வாரமே சாவி காதில் விழாது. விழுவது டிவி. அறைக்கு ஒன்று, எல்லாம் வேறு வேறு சேனல். ராத்திரியில் கால்பந்தும் சமையலும் பாதிரியார் பிரசங்கமும் சேர்ந்து ஒரே ஆள் உளறுவது போல் இருக்கும். எதியேன் தனி அறையில் இருக்கிறான், கொடுத்துவைத்தவன். இங்கே ஓர் ஆளுக்குக் கட்டிய அறையில் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் நடந்தால் மற்றவர் படுக்க வேண்டும். அவன் அடிக்கடி வானத்தைப் பார்க்கிறான். எங்கள் ஜன்னலில் கம்பி, கம்பிக்கு வெளியே சல்லடைத் தகடு. வானம் சலித்த ரவை மாதிரி வரும்.

இன்னொன்று, அந்த நாவலில் யாரும் சிரிப்பதில்லை. அதுதான் பெரிய பொய். போன வாரம் சூப்பில் காரட் கிடந்ததைப் பார்த்துவிட்டு என் அறைக்காரர், "யாரோ தப்பிச்சு இங்க வந்து விழுந்திருக்கான், பிடிச்சுக் குடுத்துடலாமா?" என்றார். ஒரு வாரத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

அவர் பெயர் லுசியேன். அறுபதைத் தொடப்போகிறார். பார்க்க யாரும் வருவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பாட்டுத் தட்டு வந்தபடியே திரும்பிப் போகும்.

ஓர் இடம் மட்டும் நாவலில் சரி. வீட்டிலிருந்து வந்த துவைத்த சட்டையை எதியேன் போடுவதற்கு முன் மூக்கில் வைத்துக்கொள்கிறான். மற்றவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். என் துணியை நான் இங்கேயே சோப்புப் போட்டுக்கொள்கிறேன்.

காலையில் ஐந்தே முக்காலுக்கு ரொட்டி வண்டி உள்ளே வரும். வாயிற்காவலர் விடுகிற கொட்டாவி இங்கேவரை கேட்கும். அதற்குப் பிறகு முதல் பேருந்து வந்து நிற்கும். நின்றதும் காது கொடுத்துக் கேட்பேன். நிறுத்துவதற்கு முன் அப்பா பிரேக்கை இரண்டு தடவை தொடுவார், நினைவிருக்கிறதா? யாரும் முன்னால் சாயக்கூடாது என்று. இங்கே வருகிறவர்கள் ஒரே மிதி மிதிக்கிறார்கள்.

தைரியமாகப் படி. வீட்டில் மாட்டிக்கொள்ளாதே.
பஸ்தியேன்


லீல், நவம்பர் 2

அன்பு அண்ணா,

இன்று கல்லறைத் திருநாள் விடுமுறை. எல்லோருக்கும் ஜலதோஷம், வேறொன்றுமில்லை. ஒத்தடம் அம்மாவுக்குக் கேட்கிறது. எங்கே கற்றாய் என்று கேட்டாள். இணையத்தில் என்றேன். உனக்கு இருமல் வந்துவிடவில்லையே? கடிதம் படிக்கும் அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாவலை முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அதைப் பற்றிப் பேசினோம். சிறையைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக உள்ளே இருந்ததில்லை, ஆனாலும் சுதந்திரத்தைப் பற்றிப் பேச நம் எழுத்தாளர்களுக்கு எப்போதும் ஒரு சிறை தேவைப்படுகிறது என்றார் மதாம் லெமேர். கிளெமோன் கை தூக்கினான். "எனக்குக் கடைசி பக்கங்கள்தான் மேடம் பிடிச்சது. செம அழகு" என்றான். இனெஸ் தனக்கு அழுகை வந்துவிட்டதாகச் சொன்னாள். "அந்த மாதிரி ஒரு ஆளுக்கு வேற முடிவு இருக்க முடியுமா என்ன?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். நான் மேஜைக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதாம் லெமேர் என்னைப் பார்த்து, "சொலேன், நீ என்ன நினைக்கிற?" என்றார். தலை வலிக்கிறது என்றேன்.

நீ அவசரமாகப் படிக்காதே. பட்டியலில் மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. கைதியின் மனைவி சொல்வதாக ஒன்று இருக்கிறது, பார்வையாளர் வரிசையில் நிற்கும் பெண்கள் அதில் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே இருக்கிறார்கள். உனக்குப் பிடிக்கும். முதலில் அதைப் படி.

அப்பா நேற்று பூலோஞ் போய் தியோவின் கல்லறையில் சாமந்தி வைத்துவிட்டு வந்தார். போகும்போது சொல்லவில்லை. காலணியில் அந்த ஊர் மணல் இருந்தது.

ராத்திரியில் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொள்.
சொலேன்


இரண்டாம் கட்டடம், நவம்பர் 20

சொலேன் குட்டி,

இருமல் இல்லை. உன் ஜலதோஷம் விட்டதா?

நீ சொன்னதைக் கேட்கவில்லை. நாங்கள் எதியேனைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். நாங்கள் என்றால் நானும் லுசியேனும். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஒருநாள் சாயங்காலம் எனக்குள்ளேயே முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். சுவர்ப்பக்கமிருந்து, "சத்தமா படிச்சா உன் காசு போயிடுமா?" என்று குரல் வந்தது. அன்றிலிருந்து தினமும் சாப்பாடு வந்ததும் பத்துப் பக்கம் உரக்கப் படிக்கிறேன். கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறார், தெரியாமலே தட்டு காலியாகிவிடுகிறது. எதியேனைத் திட்டுவதுதான் அவருக்கு வேலை. "இவனுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்னே தெரியல, முப்பதாம் பக்கத்துல சூரியன் வேற சைடுல வந்துச்சு" என்கிறார். நேற்று மீசையை ஒழுங்காக வெட்டிக்கொண்டார்.

இப்போது ஒரு சிக்கல். இங்கே நூலகப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்கள் தங்குவதே இல்லை. தாள் மெல்லிசு, சிகரெட் சுற்ற வசதி. முதல் பக்கத்தைக் கிழித்தால் உடனே தெரிந்துவிடும் என்று பின்னாலிருந்து கிழிப்பார்கள். எங்கள் பிரதியில் கடைசி ஏழு பக்கங்களை யாரோ புகைத்துவிட்டார்கள். எதியேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து கட்டிலில் உட்காருகிறான், அதோடு நிற்கிறது.

"உன் தங்கச்சி படிச்சவதானே, எழுதிக் கேளு" என்கிறார் லுசியேன். ஆகவே கேட்கிறேன். முடிவு என்ன?

காலை நனைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகாதே.
பஸ்தியேன்


லீல், நவம்பர் 29

அன்பு அண்ணா,

ஜலதோஷம் விட்டது. உனக்கும் லுசியேன் ஐயாவுக்கும் சுகம்தானே?

கணிதத் தேர்வு இருப்பதால் அதிகம் எழுத முடியவில்லை. அம்மா எண்டைவ் கீரையும் பன்றித் தொடையும் வைத்துச் சுட்டாள். அப்பா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஃபாத்துவுக்குப் பல் பிடுங்கியிருக்கிறது, பேச முடியாமல் சைகை செய்கிறாள், வகுப்பே நிம்மதியாக இருக்கிறது.

குறட்டை நின்றுவிட்டது. நிறுத்துகிறேன்.
சொலேன்


இரண்டாம் கட்டடம், டிசம்பர் 9

சொலேன் குட்டி,

நலம். அம்மா சுட்ட எண்டைவை நினைத்துக்கொண்டே இன்றைய உருளைக்கிழங்கைத் தின்றேன்.

முடிவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. லுசியேன் தினமும் கேட்கிறார். இரண்டு நாளாகத் தட்டு மறுபடி அப்படியே திரும்பிப் போகிறது. "முடிவு தெரியாம என்னத்த சாப்பிட" என்று வேடிக்கையாகச் சொல்வதுபோல் சொல்கிறார். வேடிக்கை இல்லை.

எனக்கும் தெரிய வேண்டும்தான். இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. காலை எட்டரைவரை அப்படியே இருக்கிறது.

ஜனவரியில் நீதிபதி என் கோப்பைப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மார்ச்சில் விடலாம். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் நடக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.
பஸ்தியேன்


லீல், டிசம்பர் 14

அன்பு அண்ணா,

எல்லோரும் சுகம். மார்ச் என்ற சொல்லை எழுதி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இதோ முடிவு. புத்தகத்திலிருந்து அப்படியே நகல் எடுத்திருக்கிறேன். லுசியேன் ஐயாவுக்கு உரக்கப் படி. அவர் முழுத் தட்டையும் சாப்பிட வேண்டும்.

"மூடுபனி. ரொட்டி வண்டி ஐந்தே முக்காலுக்கு உள்ளே வந்தது. வாயிற்காவலர் கொட்டாவி விட்டார். காலித் தட்டுகளுக்கு நடுவே எதியேன் உடம்பைக் குறுக்கிப் படுத்துக்கொண்டான். மாவு வாசனை. வண்டி நகர்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. பீட்ரூட் வயலுக்கு அந்தப் பக்கம், விளக்குகளை அணைத்த காரில், அவன் தங்கை உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். 'கால் நனைஞ்சுபோச்சா?' என்று மட்டும் கேட்டாள். கடல் தெரியும்வரை அவள் வண்டியை நிறுத்தவில்லை."

இதுதான் முடிவு, அண்ணா. இதற்கு மேல் ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உனக்கும் அவருக்கும்.
சொலேன்


லீல், ஜனவரி 18

அன்பு அண்ணா,

இங்கே நலம். நீ எப்படி இருக்கிறாய்? எப்படி இருக்கிறாய்?

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தினமும் பள்ளி விட்டு ஃபாத்து வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மா உன் கடிதங்களைக் குளிர்பதனப் பெட்டிக்கு மேல்தான் வைப்பார். நான் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பேன். நேற்று அவர், "கழுத்து சுளுக்கிக்கப் போவுது. வந்தா நானே ஓடி வந்து சொல்ல மாட்டேனா?" என்றார். பிறகு ஒரு கிண்ணம் சோறு வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி முதல் வாரத்தில் அப்பாவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. நடையில் நின்றபடியே கேட்டார். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அன்று இரவு சாப்பிடவில்லை, குறட்டையும் கேட்கவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிட்டதென்றால் சொல்லிவிடுவார்கள் அல்லவா? என்னிடம் சொல்லாவிட்டாலும் அம்மா அழுவாளே. அம்மா அழவில்லை. அதை வைத்து நீ இருக்கிறாய் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

என் தபால்தலைகள் தீர்ந்துவிட்டன, இதுதான் கடைசி. ஒரு வரி போதும். வெறும் தாளாக இருந்தாலும் போதும்.

சொலேன்


இரண்டாம் கட்டடம், பிப்ரவரி 20

சொலேன் குட்டி,

இருக்கிறேன். உடம்பு பரவாயில்லை. முதலில் அதைத் தெரிந்துகொண்டு பிறகு மற்றதைப் படி. உட்கார்ந்து படி.

நம் கடிதம் படிக்கும் அம்மாள் கிறிஸ்துமஸுக்கு விடுப்பில் போயிருந்தார். அவர் இடத்தில் புது ஆள். அவர் கையில் உன் முடிவு போயிருக்கிறது. ஐந்தே முக்கால், ரொட்டி வண்டி, கொட்டாவி விடும் காவலர், பின்னால் பீட்ரூட் வயல். எல்லாம் நான் உனக்கு எழுதியதும், நீ எப்போதாவது பேருந்து ஜன்னலில் பார்த்திருக்கக்கூடியதும். காலையில் ஆறு பேர் வந்து மெத்தையைக் கிழித்தார்கள். பக்கத்து அறைக்குக் கதவடி இடுக்கு வழியாகக் காபித்தூள் அனுப்பும் கயிறு கிடைத்தது, போர்வை ஓரத்தை முறுக்கிச் செய்தது. எல்லா அறையிலும் உண்டு. வேறு நாளாக இருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும்.

"இது எதுக்கு?" என்றார் அதிகாரி.

"காபிக்குங்க."

"உன் தங்கச்சி எழுதின பீட்ரூட் வயலும் காபிக்குத்தானா?"

அது நாவலின் முடிவு என்றேன். பரிசுக்காக எல்லோரும் படிக்கும் நாவல், பள்ளிக்கூடத்திலும் படிக்கிறார்கள் என்றேன். சரி என்று அவர் வெளியே ஆள் அனுப்பி, கிழியாத ஒரு பிரதியை வாங்கிவரச் சொன்னார். கடைசிப் பக்கங்களைத் திருப்பி மேஜையில் வைத்தார். "படி" என்றார்.

படித்தேன், சொலேன். நின்றுகொண்டே. ஏழு பக்கமும். எதியேன் போர்வையைக் கிழிப்பது, கம்பியில் முடிச்சுப் போடுவது, ஞாயிற்றுக்கிழமை மணியோசை, எல்லாம்.

"இதுல ரொட்டி வண்டி எங்க?" என்றார்.

இல்லை என்றேன். அதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் அவர் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் தனிக் கொட்டடி. அங்கே டிவி கிடையாது. சிமெண்ட் மேடை ஒன்று, கிழிக்க முடியாத துணியில் தைத்த போர்வை ஒன்று. அவர்களும் அந்த நாவலைப் படித்திருப்பார்கள் போலிருக்கிறது. அந்த இரவுகளைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் முடிவை அதிகாரி என் எதிரிலேயே கிண்டல் குரலில் உரக்கப் படித்துக் காட்டியிருந்தார். 'கால் நனைஞ்சுபோச்சா' என்ற இடத்துக்கு வந்தபோது அவருக்கே கிண்டல் போய்விட்டது. அந்த ஏழு பக்கங்களும் என்னோடு கொட்டடிக்கு வந்தன. அந்தக் கேள்வியும் வந்தது. நீ என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று அங்கேதான் விளங்கியது.

நீ சிறுமி என்பதால் வீட்டுக்குத் தொலைபேசி செய்திருக்கிறார்கள். அப்பா, "அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே கதை கட்டுற பழக்கம் உண்டு, சார். கார் ஓட்டவே தெரியாத பொண்ணு அது" என்றாராம். அதோடு சந்தேகம் தீர்ந்தது. அதற்குப் பிறகு அப்பா என்னைப் பற்றி ஏதோ கேட்டாராம். என்னவென்று அதிகாரி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது லுசியேனின் கட்டிலில் மெத்தை சுருட்டியிருந்தது. நான் இல்லாத நாட்களில் வருகிற போகிற காவலர் எல்லோரிடமும் முடிவு என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தாராம். மார்த்தினிக் தீவிலிருந்து வந்த காவலர்ப் பெண் ஒருத்தி இங்கே இருக்கிறாள். அவள் அந்த நாவலைப் படித்தவள் இல்லை. "வேறென்ன தாத்தா, வீட்டுக்குப் போயிட்டான்" என்றாளாம். "பஸ்லயா?" என்று கேட்டாராம். "பஸ்லதான்." அன்று தட்டைக் காலி செய்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் என்று சொன்னார்கள். நான் நம்புவதாகத் தீர்மானித்திருக்கிறேன். நீயும் நம்பு.

நீதிபதி என் கோப்பைத் தள்ளிவைத்துவிட்டார். மார்ச் இல்லை, ஜூன். பரவாயில்லை.

இந்த நாவல்களில் இங்கிருந்து வெளியேற இரண்டே வழிதான் இருக்கிறது, ஒன்று கயிறு, இல்லாவிட்டால் ரொட்டி வண்டி. உனக்கும் அந்த இரண்டுதான் தெரிந்திருந்தது. உன்மேல் தப்பில்லை. மூன்றாவது வழியை யாரும் எழுதுவதில்லை, அதில் கதையாக ஒன்றுமில்லை. ஒரு காலையில் கதவைத் திறந்து உன் பொருள்களைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள், நீ போய் நிறுத்தத்தில் நிற்பாய். முடிந்தால் அதை எழுது. லுசியேனுக்கு ஒரு முடிவு பாக்கி இருக்கிறது.

அழாதே. மூக்கு சிவந்தால் அம்மா கேட்பாள்.
பஸ்தியேன்


லீல், மார்ச் 15

அன்பு அண்ணா,

எல்லோரும் இருக்கிறோம். உன் கையெழுத்து சின்னதாகிவிட்டது, ஒழுங்காகச் சாப்பிடு.

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மன்னிப்பு என்று எழுதினால் அது மிகச் சின்ன வார்த்தையாக இருக்கிறது. மூன்று மாதம் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். லுசியேன் ஐயாவிடமிருந்து என்ன எடுத்தேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நாவலில் எதியேனுக்கு இருபது வருடத் தண்டனை. அவனை உயிரோடு வெளியே கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நேற்று வகுப்பில் வாக்கெடுப்பு. கிளெமோன் மறுபடியும் அழகு என்றான். என் கை தானாக மேலே போனது. "அது அழகு இல்ல" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அண்ணன் அங்கே இருக்கிறான் என்றேன்.  பிறகு கிளெமோன், "கனடாவுலயும் ஜெயில் இருக்கா?" என்றான். சிலர் சிரித்தார்கள். பல் பிடுங்கிய நாளிலிருந்து அளந்து பேசுகிற ஃபாத்து எழுந்து, "உன் வாய்க்குள்ளயே ஒண்ணு இருக்கு, நாக்கை உள்ள போட்டுப் பூட்டு" என்றாள். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. வானம் சலித்த ரவை மாதிரி இருக்கும் என்றும் அங்கே சிரிக்கிறார்கள் என்றும் சொல்லி முடித்தேன். எதியேன் நாவல்தான் ஜெயித்தது. எனக்கு எதிராக இருபத்தோரு வாக்கு.

மாலையில் பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். மேஜை இழுப்பறையில் புதிதாக ஒரு கட்டுத் தபால்தலை இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. நம் பக்கத்தில் தபால்தலை புகையிலைக் கடையில்தான் கிடைக்கும். நம் வீட்டில் யாரும் புகைப்பதில்லை, யாரோ இதற்கென்றே போய் வாங்கியிருக்கிறார்கள்.

மூன்றாவது முடிவு கொஞ்சம்தான் வந்திருக்கிறது:

"கதவு திறந்தது. எதியேன் பையை வாங்கிக்கொண்டான். மழை பெய்யவில்லை, வெயிலும் இல்லை. நிறுத்தத்தில் மீசையை ஒழுங்காக வெட்டிய ஒரு பெரியவர் அவனுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். 'பஸ் போயிடுச்சா?' என்றான் எதியேன். 'இப்பதான். அடுத்தது வரும், உட்காரு' என்றார் அவர். இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே வானம் முழுசாக இருந்தது. பேருந்து வந்தது."

இதற்கு மேல் எழுத வரவில்லை, அண்ணா. கதவைத் திறக்கும் ஓட்டுநரின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

போர்த்திக்கொண்டு தூங்கு.
சொலேன்


லீல், மே 24

அன்பு அண்ணா,

அம்மாவுக்கு முழங்கால் தேவலை. போன கடிதத்தில் சொன்ன பல்வலி விட்டதா?

இது சின்னக் கடிதம். எந்த நாள் எந்தத் தடம் என்று போட்ட அப்பாவின் டியூட்டி அட்டையை மாதாமாதம் அவரே குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவார், உனக்குத் தெரியும். ஜூன் மாத அட்டை இன்று வந்திருக்கிறது. அம்மா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் திரும்பவில்லை. அப்பா வந்து அடுப்பை அணைத்தார். "என்ன பாக்குற? ஆள் பத்தலைன்னு கேட்டாங்க, சரின்னுட்டேன்" என்றார். போய்க் காலணிக்கு மெருகு போட உட்கார்ந்துவிட்டார்.

நான் அட்டையைப் பார்த்தேன். உன்னிடம் சொல்ல மாட்டேன். ஜூன் முதல் தேதியிலிருந்து காலையில் ஜன்னலைத் திறந்து வை.

சொலேன்


இரண்டாம் கட்டடம், ஜூன் 3

சொலேன் குட்டி,

நலம். பல்வலி இல்லை.

முந்தாநாள் தூங்கிவிட்டேன். நேற்று பக்கத்து அறை டிவி. இன்று விழித்துக்கொண்டு சல்லடைத் தகட்டில் காதை வைத்து நின்றேன். ரொட்டி வண்டி போனது. கொட்டாவி கேட்டது. லுசியேன் கட்டிலுக்கு வந்திருக்கும் பையன், "என்னண்ணே, யாராச்சும் கூப்பிடுறாங்களா?" என்றான். சும்மா இரு என்றேன்.

பேருந்து வந்தது.

பிரேக்கை இரண்டு தடவை தொட்டார். பிறகுதான் நின்றது.

இங்கே இறங்க ஆள் யாரும் இல்லாத நேரம் அது. ஆனால் கதவு திறந்த சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் வர வெகுநேரம் ஆனது.

பஸ்தியேன்